டாம் ஹாலண்ட் ஸ்பைடர்மேன் ஆனது வெறும் அதிர்ஷ்டமா?

கேள்வி இது: "டாம் ஹாலண்டுக்கு ஸ்பைடர்மேன் வேடம் கிடைத்தபோது வயது 19. அதுவரை ஆள் யாரென்றே தெரியாது. எப்படிக் கிடைத்தது? அந்த வேடத்தைக் கழித்துவிட்டால் நடிப்பு என்று அவரிடம் என்ன மிஞ்சும்? எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?"

முதல் பாதிக்குப் பதில் சொல்வது சுலபம். 2015 ஜூனில் அந்த அறிவிப்பு வந்தபோது அவருக்கு ஏழு வருட அனுபவம் இருந்தது. நம் ஊர் திரையரங்குகளுக்கு அவர் பெயர் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது பாதிதான் சிக்கல். அதில் எனக்கே இரண்டு மனம் உண்டு. வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், தேம்ஸ் கரையில் இருக்கிற கிங்ஸ்டன் அவருடைய ஊர். பிறந்தது 1996 ஜூன் 1. அப்பா டொமினிக் ஹாலண்ட் மேடைச் சிரிப்புக் கலைஞர், எழுத்தாளரும்கூட. அம்மா புகைப்படக் கலைஞர். டாமுக்குக் கீழே மூன்று தம்பிகள், அதில் இருவர் இரட்டையர். சினிமா வாரிசு என்று சொல்ல முடியாது. ஆனால் மேடை ஏறுவதை ஒரு பிழைப்பாகப் பார்த்துப் பழகிய வீடு. மகன் மேலே போகப் போகத் தன்னுடைய தொழில் மங்கியதை அப்பாவே பின்னாளில் 'எக்லிப்ஸ்டு' என்று ஒரு புத்தகமாக எழுதினார். தன்னையே கிண்டலடித்துக்கொண்டு எழுதிய புத்தகம்.

டாம் கைக்குழந்தையாக இருந்தபோதே ஜேனட் ஜாக்சன் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் ஆடியதை அம்மா கவனித்திருக்கிறார். அதனால் விம்பிள்டனில் ஒரு நடன வகுப்பில் சேர்த்துவிட்டார். அங்கே கற்றது ஹிப்-ஹாப். 2006-ல் ரிச்மண்ட் நடன விழாவில் அந்த வகுப்புப் பிள்ளைகள் ஆடியபோது, 'பில்லி எலியட்' இசை நாடகத்தின் நடன அமைப்புக் குழுவைச் சேர்ந்த லின் பேஜ் அவரைப் பார்த்தார். அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டுமானால் இந்த ஒரு மாலையைச் சொல்லலாம். அதற்குப் பிறகு நடந்தது முழுக்க உழைப்பு: பல சுற்றுத் தேர்வு, ஏறக்குறைய இரண்டு வருடப் பயிற்சி.

அந்த நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த உழைப்பு புரியும். 1984-85-ல் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தம்தான் களம். வடக்கு இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன், குத்துச்சண்டை வகுப்புக்குப் போகச் சொன்னால் பாலே வகுப்புக்குப் போய் நிற்கிறான். 2000-ல் வந்த படத்தை வைத்து, எல்டன் ஜான் இசையில், 2005-ல் லண்டன் விக்டோரியா பேலஸ் அரங்கில் மேடையேற்றினார்கள். பில்லியாக வருகிற பையன் ஏறக்குறைய மூன்று மணி நேரம் மேடையை விட்டு இறங்குவதில்லை. பாலே, டாப் (காலணியால் தாளம் தட்டும் நடனம்), குட்டிக்கரணம், பாட்டு, வசனம் எல்லாம் அவன் தலையில். போதாக்குறைக்கு டர்ஹம் பேச்சு. லண்டன் பையனுக்கு அது கிட்டத்தட்ட வேறு மொழி. பிற்பாடு நியூயார்க் பையனாக அவர் பேசியது எவ்வளவு இயல்பாக இருந்தது என்று வியப்பவர்கள், பன்னிரண்டு வயதில் அவர் செய்த இந்த வேலையை நினைத்துப் பார்க்கலாம்.

பாலே அவருக்கு அதுவரை தெரியாது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் இறுக்கமான காலுடையோடு பயிற்சி செய்வதை மற்றப் பையன்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேலி செய்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாடகத்தின் கதை அவர் வாழ்க்கையிலேயே ஓடியது என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. வசதியான புறநகர்ப் பிள்ளை வேறு, வேலைநிறுத்தத்தில் சோறில்லாத வீட்டுப் பிள்ளை வேறு.

2008 ஜூனில் முதலில் பில்லியின் நண்பன் மைக்கேலாக மேடை ஏறினார். செப்டம்பரிலேயே பில்லி. 2010 வரை அந்த வேடம் அவரிடம் இருந்தது, ஆனால் தனியாக அல்ல. அங்கே ஒரே நேரத்தில் பல பையன்களைப் பயிற்சி கொடுத்து வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து ஆடுவார்கள். உடம்பு தாங்காது என்பது ஒரு காரணம், சட்டம் இன்னொரு காரணம். பள்ளி வயதுப் பிள்ளை மேடையிலோ படத்திலோ தொழில்முறையாக நடிக்க உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். பெற்றோர் கூட இல்லாத நேரத்தில் பதிவு பெற்ற பராமரிப்பாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். பள்ளி நாள் என்றால் வேலைக்கு நடுவே மூன்று மணி நேரப் பாடம். பிரிட்டனிலிருந்து இளம் நடிகர்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதன் பின்னால் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதோடு குரோய்டனில் பிரிட் ஸ்கூல் இருக்கிறது. அடெல், ஏமி வைன்ஹவுஸ் போன்ற பாடகிகள் படித்த அரசு நிதிப் பள்ளி, கட்டணம் கிடையாது. டாமும் பிறகு அங்கே படித்தார்.

பில்லி எலியட்டில் ஒரு காட்சி உண்டு. பையன் வளர்ந்த தன் உருவத்தோடு சேர்ந்து 'ஸ்வான் லேக்' இசைக்கு ஆடுவான். இடுப்பில் கம்பியை மாட்டி அவனை மேடைக்கு மேலே பறக்க விடுவார்கள். ஆக, கம்பியில் தொங்கிக்கொண்டு உடம்பை அழகாக வைத்துக்கொள்வது எப்படி என்பது ஸ்பைடர்மேனுக்கு ஏழு வருடம் முன்பே அவருக்குத் தெரியும்.

அப்புறம் சினிமா. 2012-ல் வந்த 'தி இம்பாசிபிள்'. இயக்கம் ஸ்பெயின்காரர் ஹுவான் அந்தோனியோ பயோனா. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தாய்லாந்தின் காவ் லாக் கடற்கரையில் சிக்கிப் பிழைத்த மரியா பெலோன் குடும்பத்தின் கதை. நமக்கு அந்தத் தேதியைத் தனியாக நினைவூட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேரையும், இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் கொண்டுபோன அதே அலை. நிஜக் குடும்பம் ஸ்பெயின்காரர்கள். படத்தில் அவர்களை ஆங்கிலேயக் குடும்பமாக மாற்றிவிட்டார்கள். தாய்லாந்து மக்கள் பின்னணியோடு நின்றுவிடுகிறார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது. அது நியாயமான விமர்சனம்தான். நாகப்பட்டினத்தையோ முல்லைத்தீவையோ மனதில் வைத்துப் பார்க்கிறவருக்கு இன்னும் உறுத்தும்.

ஆனால் அந்தப் பையன்! மூத்த மகன் லூகாஸ் வேடம். அலை ஓய்ந்து தண்ணீரில் தத்தளித்துக் கரை சேர்ந்து நடக்கும்போது, முன்னால் போகிற அம்மாவின் உடம்பு கிழிந்திருப்பதைப் பார்க்கிறான். பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அழுகை அப்புறம்தான் வருகிறது. பயமா, கூச்சமா, அருவருப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு திரும்பல் அது. அம்மாவாக நடித்த நவோமி வாட்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. தகுதியானதுதான். இருந்தாலும் அந்தக் காட்சியில் நம் கண் பையன் மேல்தான் நிற்கிறது.

இன்னொன்று மருத்துவமனைக் காட்சி. கட்டிலில் கிடக்கிற அம்மா, 'சும்மா உட்காராதே, யாருக்காவது உதவி செய்' என்று அனுப்புகிறாள். காணாமல் போனவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு, வராந்தா வராந்தாவாக அவற்றைக் கத்திக்கொண்டே ஓடுகிறான். ஒரு அப்பாவையும் மகனையும் சேர்த்தும் வைக்கிறான். அந்தச் சந்தோஷத்தோடு திரும்பி வந்தால் அம்மாவின் கட்டிலில் அம்மா இல்லை. வசனம் அதிகமில்லாமல், ஓடுகிற வேகத்தையும் நிற்கிற விதத்தையும் வைத்தே முழுக் காட்சியையும் தாங்குகிறார். நடனம் கற்றவருடைய நடிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். அமெரிக்காவின் தேசிய விமர்சன வாரியம் அந்த ஆண்டின் சிறந்த புதுவரவு நடிகராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

இப்படி ஒரு தொடக்கம் கிடைத்தும் அடுத்தடுத்து வாய்ப்பு கொட்டவில்லை. 'லாக்' என்ற படத்தில் குரல் மட்டும். டாம் ஹார்டி காரை ஓட்டிக்கொண்டே போனில் பேசுகிற படம் அது. மறுமுனையில் பேசும் மகன் இவர். பிபிசியின் 'வுல்ஃப் ஹால்' தொடரில் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் மகன், சின்ன வேடம். நடுவே வேலை இல்லாத காலமும் இருந்தது. அம்மா ஒரு முடிவு எடுத்து, 'நடிப்பு எப்போதும் சோறு போடாது' என்ற கணக்கில் அவரை கார்டிஃபில் தச்சுவேலை கற்க அனுப்பினார். அவர் போய்க் கற்றும் வந்தார். வீட்டுச் சாமான்கள் செய்வது இன்றும் அவருடைய பொழுதுபோக்கு. 2015 டிசம்பரில் ரான் ஹாவர்டின் 'இன் தி ஹார்ட் ஆஃப் தி சீ'. 1820-ல் திமிங்கிலம் மோதி மூழ்கிய எசெக்ஸ் கப்பலில் இருந்த சிறுவன் வேடம். கடலில் பட்டினி கிடந்தவர்களாகத் தெரிய நடிகர்கள் எல்லோரும் நிஜமாகவே வயிற்றைக் காயப்போட்டு இளைத்தார்கள், படம் ஓடவில்லை.

ஸ்பைடர்மேன் தேர்வு மாதக்கணக்கில் நடந்தது. முதலில் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பிய வீடியோக்கள். கடைசிச் சுற்றில் ஆறு பேர் அளவில் மிஞ்சினார்கள். ஏசா பட்டர்ஃபீல்டும் அதில் ஒருவர். டிஸ்னியின் மார்வெல் நிறுவனப் படங்களின் நாயகர்களான ராபர்ட் டவுனி ஜூனியரோடும், பிறகு கிறிஸ் எவன்ஸோடும் ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனைக் காட்சியில் நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாக ஒரு கரணம் அடித்தார் ஹாலண்ட். மற்றவர்களுக்குச் சண்டைக்காட்சிக் கலைஞர் செய்ய வேண்டியதை இவரே செய்வார் என்று தயாரிப்பாளர்களுக்குப் புரிந்த நொடி அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். வேடம் கிடைத்த செய்தியை மார்வெலின் சமூக வலைப்பக்கம் வழியாகத்தான் அவரே தெரிந்துகொண்டார். ஸ்பைடர்மேன் பட உரிமையை வைத்திருக்கும் சோனி நிறுவனத்தின் கணினிகள் அதற்குச் சில மாதம் முன்னால்தான் ஊடுருவப்பட்டிருந்தன, அதனால் இதுவும் யாரோ செய்த விஷமம் என்று தம்பி ஹாரி சொன்னாராம்.

2016-ல் 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில் முதல் தோற்றம். திரையில் இருந்தது கொஞ்ச நேரம்தான், ஆனாலும் விமான நிலையச் சண்டையில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே அடிக்கிற பொடியன் எல்லோருக்கும் பிடித்துப்போனான். 2017-ல் தனிப் படம், 'ஹோம்கமிங்'. அதற்குத் தயாராவதற்காக நியூயார்க்கில் பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் பொய்ப் பெயரில், அமெரிக்க உச்சரிப்போடு சில நாள் மாணவனாக உட்கார்ந்தார். தான் ஸ்பைடர்மேன் என்று ஒரு மாணவியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவள் நம்பவில்லை. அதே வருடம் பிரிட்டனின் திரை விருதான பாஃப்டாவின் 'வளரும் நட்சத்திரம்' விருது. பொதுமக்கள் வாக்கில் கொடுக்கப்படுவது அது.

அந்த உடையைப் பற்றி ஒரு விஷயம். முகமூடி போட்டுவிட்டால் கண் தெரியாது, வாய் தெரியாது. படப்பிடிப்பு நாள் முழுக்க அதைக் கழற்றி மாட்டுவது பெரும்பாடு என்பதால், கண் பகுதி வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீர் குடித்ததாகச் சொல்லியிருக்கிறார். முகம் இல்லாத ஒரு நடிகரிடம் என்ன இருக்கிறது? தலையைச் சாய்ப்பது, தோளைக் குறுக்குவது, குந்தி உட்காருவது. இவருக்கு முன் ஸ்பைடர்மேனாக இருந்த இருவரில் டோபி மெக்வயர் சோகத்தை முகத்தில் வைத்து நடித்தார். ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் பேச்சில் நடித்தார் (அவரும் சர்ரே பக்கம் வளர்ந்தவர்தான், நியூயார்க் பையனுக்கு இரண்டு முறை தென் இங்கிலாந்திலிருந்தே ஆள் போயிருக்கிறது). ஹாலண்ட் நடித்தது உடம்பில். சாகசம் முடிந்து தரையில் இறங்குகிறபோது இன்னும் வளர்ந்து முடியாத ஒரு பையனுடைய தடுமாற்றம் அதில் இருக்கும். கணினி வரைகலை எவ்வளவு சேர்ந்தாலும் அது அவரிடமிருந்து வந்தது.

2019 ஆகஸ்டில் சோனியும் டிஸ்னியும் பங்குத் தகராறில் பிரிந்து, ஸ்பைடர்மேன் மார்வெல் படங்களில் இனி வரமாட்டான் என்ற நிலை வந்தது. டிஸ்னி தலைவர் பாப் ஐகருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அவர் தொலைபேசியில் அழைத்தபோது மதுக்கூடத்தில் கொஞ்சம் போதையோடு அழுதுகொண்டே பேசினேன் என்று தொலைக்காட்சியில் ஹாலண்டே சொன்னார். செப்டம்பரில் சமரசம். அழுகையால்தான் நடந்தது என்று நம்ப நான் தயாரில்லை; அதே வருடம் வந்த 'ஃபார் ஃப்ரம் ஹோம்' 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது, அந்தப் பணம் இரண்டு பக்கமும் பேசியிருக்கும். 2021 டிசம்பரில் 'நோ வே ஹோம்'. பெருந்தொற்றுக் காலத்திலும் ஏறக்குறைய 190 கோடி டாலர் வசூல். முந்தைய இரண்டு ஸ்பைடர்மேன்களும் கூட நின்ற படம். அவர்கள் நடுவில் சின்னப் பையனாகத் தெரியாமல் நின்றதே ஹாலண்டுக்குப் பெரிய வெற்றி.

இனி கேள்வியின் கடினமான பாதி. 2020-லிருந்து அவர் வேண்டுமென்றே இருட்டான வேடங்களாகத் தேடினார். 'தி டெவில் ஆல் தி டைம்' படத்தில் ஓஹாயோ, மேற்கு வர்ஜீனியா கிராமங்களில் பழிவாங்குகிற அநாதைப் பையன். இது எனக்குப் பிடித்தது. அடக்கி வைத்த கோபத்தை நடையிலேயே காட்டுகிறார். 'செர்ரி' படத்தில் போர்முனை மருத்துவச் சிப்பாய், ஊர் திரும்பிப் போதைக்கு அடிமையாகி வங்கிக் கொள்ளையனாகிறான். ஏறக்குறைய 12 கிலோ இளைத்து நடித்தார். உழைப்பு தெரிகிறது, உழைப்பு மட்டுமே தெரிகிறது என்பதுதான் குறை. 'கேயாஸ் வாக்கிங்' 2017-ல் எடுத்து, மறுபடி காட்சிகள் எடுத்து, 2021-ல் வெளிவந்து, 3 கோடி டாலரைக்கூட எட்டாமல் விழுந்தது. 'அன்சார்ட்டட்' 2022-ல் 40 கோடி டாலர் ஈட்டியது. ஆனால் அதில் கதாபாத்திரத்தை விட்டுவிட்டுத் தான் எப்படித் தெரிகிறோம் என்பதில் கவனம் போய்விட்டது என்று அவரே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். படம் விற்க வேண்டிய நேரத்தில் எந்த நட்சத்திரம் இப்படிச் சொல்வார்?

சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவது அவருக்குப் பழக்கம்தான். ஸ்பைடர்மேன் கடைசியில் சாகிற 'இன்ஃபினிட்டி வார்' படம் ஓடி முடிந்தது என்று நினைத்து அரங்குக்குள் நுழைந்து 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று கத்திய கதை பிரசித்தம். கூட்டம் அப்போதுதான் படம் பார்க்கக் காத்திருந்தது.

2023-ல் ஆப்பிள் டிவியில் வந்த 'தி கிரவுடட் ரூம்' பத்து பகுதித் தொடர். பில்லி மில்லிகன் என்ற நிஜ மனிதரின் வழக்கிலிருந்து எழுந்த கதை. பிளவுபட்ட ஆளுமை கொண்ட இளைஞன் வேடம், தயாரிப்பிலும் பங்கு. அந்த வேடம் தன்னை உலுக்கிவிட்டது என்று சொல்லி ஒரு வருடம் நடிப்பிலிருந்து ஒதுங்கினார். விமர்சனங்களும் தாட்சண்யம் காட்டவில்லை. அதற்கு முன்பே, 2022 ஜனவரியில், ஒரு மாதம் மட்டும் குடிக்காமல் இருந்து பார்ப்போம் என்று ஆரம்பித்திருக்கிறார். நாள் முழுக்க அதே நினைப்பாக இருந்ததைக் கண்டு பயந்து, மாதத்தை நீட்டி நீட்டிக் கடைசியில் அடியோடு விட்டுவிட்டார். 2024-ல் ஆல்கஹால் இல்லாத பியர் விற்கும் நிறுவனமும் தொடங்கினார். உடன் நடித்த ஸெண்டாயாவோடு நிச்சயமானது 2025 தொடக்கத்தில் வெளியே தெரிந்தது. அதைப் பற்றி எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இடைவேளைக்குப் பிறகு அவர் நேராகச் சினிமாவுக்கு வரவில்லை. 2024 மே மாதம் லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில், ஜேமி லாய்டு இயக்கத்தில் ரோமியோ. டிக்கெட் சில மணி நேரத்தில் தீர்ந்தது. மேடையிலேயே கேமராவைச் சுமந்து நடிகர்களின் முகத்தைப் பெரிய திரையில் காட்டுகிற தயாரிப்பு. ஒரு காட்சியில் ரோமியோ அரங்கத்தின் மொட்டைமாடிக்கே போய்விடுவார். ஜூலியட்டாக நடித்த கறுப்பின நடிகை பிரான்செஸ்கா அமெவுடா-ரிவர்ஸ் மீது இணையத்தில் இனவெறி வசைகள் கொட்டப்பட்டன, நாடக நிறுவனம் கண்டன அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. ஹாலண்டைப் பொறுத்தவரை, சின்ன அசைவைக்கூட வீணாக்காத, கிசுகிசுப்பான நடிப்பு என்று பல விமர்சகர்கள் எழுதினார்கள். திரையில் இருட்டு வேடங்களில் அவர் வலிந்து தேடியது மேடையில் சும்மாவே கிடைத்ததாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு நாள் தவறாமல் அதே காட்சியை உடம்பால் திரும்பத் திரும்பச் செய்து மெருகேற்றுவது அவர் சின்ன வயதில் கற்ற தொழில்.

ஆக, ஸ்பைடர்மேனைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்பதற்கு என் பதில்: ஒரு மிகச் சிறந்த சிறுவயது நடிப்பு, இரண்டு மூன்று நல்ல துணை வேடங்கள், ஒரு ரோமியோ, அப்புறம் நிறைய நேர்மையான தோல்விகள். முப்பது வயதுக்குள் இது குறைவில்லை. ஆனால் பெரியவராக ஒரு படத்தைத் தனியாகத் தாங்கினார் என்று காட்ட இன்னும் ஒன்று அமையவில்லை. கிறிஸ்டோபர் நோலனின் 'தி ஒடிஸி'யில் அப்பாவைத் தேடும் மகன் டெலிமாக்கஸ் வேடம் அவருக்குக் கிடைத்தது. 2026 ஜூலை 17 அதற்குக் குறித்த தேதி. அதே மாதம் 31-க்கு 'ஸ்பைடர்மேன்: பிராண்ட் நியூ டே' என்று அறிவித்தார்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் 'தி இம்பாசிபிள்'. சுனாமியில் யாரையாவது இழந்த வீடு என்றால் முதல் அரைமணி நேரம் கனமாக இருக்கும், யோசித்துப் போடுங்கள். அடுத்து 'தி லாஸ்ட் சிட்டி ஆஃப் ஸி': 1925-ல் பிரேசில் காட்டுக்குள் போய்த் திரும்பாத ஆய்வுப் பயணி ஃபாசெட்டின் மகனாகக் கடைசிப் பகுதியில்தான் வருவார், ஆனால் அந்தப் பகுதிதான் படம். பிறகு 'ஹோம்கமிங்'. அதில் இடிபாடுகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, முகமூடி இல்லாமல், உதவிக்குக் கத்துகிற இடம் ஒன்று வரும். அதுவரை பார்த்துவிட்டு அதிர்ஷ்டமா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். 'செர்ரி'யை நேரம் இருந்தால் பாருங்கள். 'கேயாஸ் வாக்கிங்' வேண்டாம்.